இரண்டு தராசுகள்: மைசூரின் அயலுறவு முடிவுகளும் ஓசூர் எல்லையும், 1778–1799

1. கேள்வியும் களமும்

கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டை வட்டத்தில், கர்நாடக எல்லையோரம் இருக்கிறது ஜவளகிரி. பருவமழை ஓய்ந்து கேழ்வரகு கதிர் பிடிக்கும் நாட்களில் பன்னேருகட்டா காட்டிலிருந்து கிளம்பும் யானைக் கூட்டங்கள் இந்த வனச்சரகத்தின் வழியாகவே தமிழ்நாட்டுக்குள் வருகின்றன. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்கும் பகுதி இது. காட்டையும் மொழியையும் மட்டும் வைத்துப் பார்த்தால் இங்கே எல்லைக்கோடு விழுந்ததற்கான காரணம் விளங்காது.

இந்த நிலம் இரண்டு தவணைகளில் கைமாறியது. 1792 மார்ச்சில் கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி கிருஷ்ணகிரி, தருமபுரி உள்ளிட்ட பாராமகால் சீமை திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயக் கும்பினிக்குப் போனது. மலைத்தொடருக்கு மேலே இருந்த ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளி, ஜவளகிரி ஆகியவை அடங்கிய பாலாகாட் மேட்டுநிலம் மைசூரிடமே இருந்தது. ஏழாண்டு கழித்து, 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அதுவும் கும்பினி வசமானது. சேலம் மாவட்டத்தோடு ஓசூர் சேர்ந்ததும், 1956இல் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தமிழ்நாட்டுப் பக்கமே நின்றதும் அந்தக் கைமாற்றத்தின் தொடர்ச்சி.

இந்தக் கோட்டை வரைந்த முடிவுகளில் பல லண்டனிலும் பாரிசிலும் கான்ஸ்டாண்டிநோபிளிலும் எடுக்கப்பட்டவை. அப்படியானால், உலக அளவில் அதிகாரம் பங்கிடப்பட்டிருந்த விதமே மைசூரின் அயலுறவைத் தீர்மானித்துவிட்டதா? மைசூரை ஆண்ட ஹைதர் அலிக்கும் அவர் மகன் திப்புவுக்கும் தேர்ந்தெடுக்க இடம் இருந்ததா? இருந்தால், எவ்வளவு? இக்கட்டுரை இக்கேள்வியை மைசூரை மட்டும் வைத்துப் பார்க்காமல், அதே காலத்தில் அதே சூழலில் வேறு முடிவெடுத்த ஹைதராபாத் நிசாமையும் மராட்டியரையும் அருகில் வைத்து ஆராய்கிறது.

2. இதுவரையிலான வாசிப்புகள்

மைசூரின் வீழ்ச்சியைப் பற்றி இரண்டு பழைய விளக்கங்கள் உண்டு. கும்பினியின் படை அதிகாரியும் மைசூர் அரண்மனையில் அதன் பிரதிநிதியாக இருந்தவருமான மார்க் வில்க்ஸ் 1810 முதல் வெளியிட்ட தென்னிந்திய வரலாற்றில், திப்புவின் மதப்பிடிவாதமும் முன்யோசனையின்மையுமே அழிவுக்குக் காரணம் என்ற சித்திரத்தைத் தந்தார். இதற்கு மறுப்பாக மோஹிபுல் ஹசன் 1951இல் எழுதிய திப்பு வரலாறு, ஆங்கிலேயரின் அபாயத்தை முதலில் உணர்ந்து வெளிநாட்டுத் துணையைத் தேடிய தொலைநோக்குள்ள அரசராக அவரைக் காட்டியது. ஒன்றுக்கொன்று எதிரானவை என்றாலும் இரண்டும் ஆளுமையையே மையமாகக் கொள்கின்றன. ஒருவருக்குக் குணக்கேடு, மற்றவருக்குத் தீர்க்கதரிசனம்.

பன்னாட்டு உறவுகள் துறையோ எதிர்த்திசையில் தொடங்கியது. கென்னத் வால்ட்ஸ் 1979இல் முன்வைத்த கோட்பாட்டின்படி, மேலதிகாரம் எதுவும் இல்லாத உலகில் அரசுகளின் நடத்தையை வடிவமைப்பது அவற்றுக்கிடையே வலிமை பங்கிடப்பட்டிருக்கும் முறை. அரசர் யார் என்பது இரண்டாம்பட்சம். ஸ்டீபன் வால்ட் 1987இல் இதைத் திருத்தினார். அரசுகள் வெறும் வலிமைக்கு எதிராக அணிசேர்வதில்லை. வலிமையோடு அண்மை, தாக்கும் திறன், நோக்கம் ஆகியவையும் சேர்ந்து உருவாகும் அச்சுறுத்தலுக்கு எதிராகவே அணிசேர்கின்றன என்றார். 1998இல் கிடியன் ரோஸ் ‘புதுச்செவ்வியல் யதார்த்தவாதம்’ என்று பெயரிட்ட போக்கு, உலக அமைப்பின் அழுத்தம் ஆட்சியாளரின் கணிப்பு, அரசின் உள்வலிமை ஆகியவற்றின் வழியாகவே முடிவாக மாறுகிறது என்று வாதிட்டது.

தமிழ் மரபு இக்கேள்விக்குப் புதிதல்ல. திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் தன் பலத்தையும் எதிரியின் பலத்தையும் சொல்வதோடு நிற்காமல், துணைவர்களின் பலத்தையும் எடைபோடச் சொல்கிறது. அடுத்தடுத்து காலமறிதலும் இடனறிதலும் வருகின்றன. துணையின் பலம், காலம், இடம் ஆகிய இம்மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் மைசூரின் கதை தெளிவாகிறது என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. மைசூருக்கு முன் இரண்டு தராசுகள் இருந்தன. ஒன்று தக்காணத்தின் பலாபலம், மற்றது ஐரோப்பாவின் பலாபலம். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்த காலமும் உண்டு. எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்த காலமும் உண்டு.

3. இரண்டும் ஒத்துவந்த காலம்: 1778–1784

1778இல் அமெரிக்கக் குடியேற்றங்களின் விடுதலைப் போரில் பிரான்சு இறங்கியது. அந்த முடிவின் விளைவு சில மாதங்களில் கோரமண்டலக் கரையை எட்டியது. அக்டோபரில் கும்பினிப் படை புதுச்சேரியைப் பிடித்தது. 1779 மார்ச்சில் மாஹேயும் விழுந்தது. மாஹே ஹைதரின் பாதுகாப்பில் இருந்த துறைமுகம். அவருடைய படைக்கான வெளிநாட்டுத் தளவாடங்கள் அதன் வழியாகவே வந்தன. வட அமெரிக்காவில் மூண்ட சண்டை மைசூரின் ஆயுத வழியை அடைத்தது.

ஆனால் ஹைதர் 1780 ஜூலையில் ஆர்க்காட்டுச் சீமைக்குள் இறங்கியதற்கு மாஹே மட்டும் காரணம் அல்ல. அப்போது மராட்டியர் கும்பினியோடு போரில் இருந்தனர். நிசாமும் கும்பினிமீது மனக்கசப்பில் இருந்தார். மூவரும் சேர்ந்து அதை எதிர்ப்பது என்ற ஏற்பாடு உருவாகியிருந்தது. தக்காணத் தராசும் ஐரோப்பியத் தராசும் ஒருசேர மைசூருக்குச் சாதகமாக இருந்த அபூர்வமான தருணம் அது. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கும்பினித் தளபதி பெய்லியின் படை அழிந்ததை இந்தப் பின்னணியில் வைத்தே பார்க்க வேண்டும்.

சாதகம் நீடிக்கவில்லை. கும்பினி நிசாமைச் சமாதானப்படுத்தியது. 1782 மே மாதம் சால்பாய் உடன்படிக்கை மூலம் மராட்டியரைப் பிரித்தெடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஹைதர் இறந்தார். எஞ்சியது பிரெஞ்சுத் துணை ஒன்றே. அதன் எல்லை 1783இல் கடலூரில் வெளிப்பட்டது. ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் முன்னோட்டச் சமாதானத்தில் கையெழுத்திட்டது ஜனவரி 20ஆம் தேதி. அந்தச் செய்தி கடலூர் வந்து சேர்ந்தது ஜூன் மாதக் கடைசியில். இடையில் ஜூன் 13 அன்று கடலூர்க் கோட்டைக்கு வெளியே இரு தரப்பும் கடுமையாக மோதின. ஜூன் 20 அன்று பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரானின் கப்பல்களும் ஆங்கிலேயக் கடற்படையும் போரிட்டன. ஐந்து மாதங்களுக்கு முன்பே முடிந்துவிட்ட பகைக்காக மனிதர்கள் செத்தார்கள். செய்தி வந்ததும் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி போரை நிறுத்தினார். மங்களூர் முற்றுகையில் திப்புவுடன் இருந்த பிரெஞ்சு வீரர்களும் ஒதுங்கினர்.

ஆனாலும் 1784 மார்ச் 11 அன்று கையெழுத்தான மங்களூர் உடன்படிக்கையில் மைசூர் நிலம் எதையும் இழக்கவில்லை. பிடித்த இடங்களை இரு தரப்பும் திருப்பித் தந்தன. அமெரிக்காவை இழந்த பிரிட்டன் களைத்திருந்தது, கும்பினி கடனில் இருந்தது. துணைவர் கைவிட்ட பிறகும் எதிரியின் அப்போதைய பலவீனம் மைசூரைக் காத்தது.

4. தூதுகளும் தனிமையும்: 1785–1792

கடலூரின் பாடத்தைத் திப்பு மறக்கவில்லை. புதுச்சேரியிலும் மொரீஷியசிலும் உள்ள பிரெஞ்சு அதிகாரிகளோடு மட்டும் பேசினால் போதாது, அரசரிடமே பேச வேண்டும் என்று கருதினார். பிரான்சைத் தவிர வேறு துணையும் தேடினார். 1786இல் குலாம் அலி கானின் தலைமையில் ஒரு பெரும் தூதுக்குழு உஸ்மானியத் தலைநகருக்குக் கடல் வழியே சென்றது. பட்டமும் பரிசுகளும் கிடைத்தன, படை கிடைக்கவில்லை. 1787 ஆகஸ்டில் ரஷ்யாவோடு போரில் இறங்கிய உஸ்மானிய அரசு பிரிட்டனைப் பகைக்கும் நிலையில் இல்லை.

பிரான்சுக்கு அனுப்பிய தூது இன்னும் துல்லியமான சான்று. முகம்மது தர்வேஷ் கான், அக்பர் அலி கான், முகம்மது உஸ்மான் கான் மூவரும் 1787இல் புதுச்சேரியிலிருந்து கப்பலேறி, 1788 ஜூனில் தூலோன் துறைமுகத்தில் இறங்கினர். ஆகஸ்ட் 10 அன்று வெர்சாய் அரண்மனையில் பதினாறாம் லூயி அவர்களை வரவேற்றார். அந்த வாரத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு நாள் முன்னர், ஆகஸ்ட் 8 அன்று, அரசு வேறு வழியின்றி மூவர்க்க மன்றத்தைக் கூட்டுவதாக அறிவித்திருந்தது. ஆறு நாள் கழித்து, ஆகஸ்ட் 16 அன்று, பிரெஞ்சுக் கருவூலம் பணப் பட்டுவாடாவை நிறுத்தியது. மைசூரின் தூதர்கள் கைகட்டி நின்றது ஒரு திவாலான அரசின் முன்னால். கைவினைஞர்களும் விதைகளும் பீங்கான் பாத்திரங்களும் அவர்களுடன் திரும்பின. 1789இல் பிரான்சு தன் புதுச்சேரிப் படையின் பெரும்பகுதியையும் விலக்கிக்கொண்டது.

உலக அதிகாரத்தின் உள்ளடக்கம் இங்கே புலப்படுகிறது. பிரான்சில் வீரர்களும் கப்பல்களும் இருந்தன, கடன் வாங்கும் திறன் முறிந்திருந்தது. பிரிட்டனிடம் அந்தத் திறன் இருந்தது. அதன் கும்பினிக்கு வங்காளத்தின் நிலவரியும் இருந்தது. படைகளின் எண்ணிக்கையை மட்டும் ஒப்பிட்டவர் இதைக் காண முடியாது.

இதே ஆண்டுகளில் தக்காணத் தராசு மைசூருக்கு எதிராகச் சாய்ந்தது. 1785 முதல் 1787 வரை மராட்டியரோடும் நிசாமோடும் திப்பு போரிட்டார். தக்காணத்தில் மிக வலிமையான, மிக அண்மையான, நிலம் பறிக்கும் அரசு எது என்று புணேயிலும் ஹைதராபாத்திலும் கேட்டிருந்தால் மைசூர் என்றே பதில் வந்திருக்கும். 1789 டிசம்பர் இறுதியில் திப்பு கும்பினியின் துணை நாடான திருவிதாங்கூரின் நெடுங்கோட்டையைத் தாக்கியபோது கும்பினிக்குக் காரணம் கிடைத்தது. 1790 ஜூனில் மராட்டிய அரசின் தலைவரான பேஷ்வாவும் ஜூலையில் நிசாமும் அதனோடு ஒப்பந்தம் செய்தனர். 1780இல் கும்பினிக்கு எதிராக இருந்த கூட்டணி பத்தே ஆண்டுகளில் மைசூருக்கு எதிராகத் திரும்பியது.

போர் ஓசூர்ப் பக்கம் வந்தது 1791 ஜூலையில். கும்பினியின் தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸின் படை ஓசூரையும் ராயக்கோட்டையையும் பிடித்தது. நவம்பரில் கும்பினி அதிகாரி மாக்ஸ்வெல்லின் பிரிவு கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கியது. கீழ்க்கோட்டையும் ஊரும் விழுந்தன. தப்பியோடியவர்களைத் துரத்தியபடி மேல்வாசலுக்குள் புகுந்துவிட முயன்றவர்கள்மீது மேலிருந்து பாறைகள் உருண்டு வந்தன. ஏணிகள் நொறுங்கின, படை பின்வாங்கியது. நான்கே மாதத்தில் அந்தக் கோட்டை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் எழுதப்பட்ட ஒரு தாளினால் கும்பினிக்குச் சொந்தமாயிற்று. மைசூரின் பாதி நிலமும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயும் போயின. அந்தத் தொகைக்குப் பிணையாகத் திப்புவின் இரு மகன்கள் ஒப்படைக்கப்பட்டனர். கோட்டையைக் காத்தவர்களின் வீரம் கிருஷ்ணகிரியைத் தக்கவைக்கப் போதவில்லை. அதன் விதி வேறிடத்தில் தீர்ந்திருந்தது.

5. ஒரே சூழல், மூன்று முடிவுகள்

உலக அதிகாரப் பங்கீடே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் என்றால், ஒரே சூழலில் இருந்த மூன்று தக்காண அரசுகளும் ஏறக்குறைய ஒரே முடிவை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

மைசூர் எதிர்த்தது. நிசாம் கும்பினியோடு சேர்ந்தார். மராட்டியர் தேவைக்கேற்பச் சேர்ந்தும் விலகியும் நின்றனர். ஆகவே சூழல் ஒரே பாதையை விதிக்கவில்லை. ஸ்டீபன் வால்ட்டின் விளக்கம் இங்கே பொருந்துகிறது. பேஷ்வாவுக்கும் நிசாமுக்கும் தொலைவில் பிறந்த பேரரசைவிடப் பக்கத்து வீட்டுப் பகைவனே பெரிய அச்சமாகத் தெரிந்தான்.

ஆனால் விளைவுகளைப் பார்த்தால் வால்ட்ஸின் வாதம் மீண்டும் தலைதூக்குகிறது. 1795இல் கர்டாவில் மராட்டியரிடம் நிசாம் தோற்றபோது கும்பினி கைகட்டிப் பார்த்தது. அதன்பின் அவர் ரேமோன் என்ற பிரெஞ்சுத் தளபதி வளர்த்த படையை நம்பினார். 1798 செப்டம்பரில் கும்பினியோடு துணைப்படை ஒப்பந்தம் செய்ய நேர்ந்தது, அக்டோபரில் அந்தப் பிரெஞ்சுப் படை கலைக்கப்பட்டது. 1792இலும் 1799இலும் மைசூரிடமிருந்து பங்காகப் பெற்ற நிலங்களை 1800இல் அதே துணைப்படையின் செலவுக்காகக் கும்பினிக்கே எழுதிக் கொடுத்தார். பெல்லாரி, அனந்தபூர், கடப்பை ஆகியவை ‘ஒப்படைக்கப்பட்ட மாவட்டங்கள்’ ஆனது இப்படித்தான். பேஷ்வா 1802 டிசம்பர் 31 அன்று வசாயில் அதே போன்ற துணைப்படை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். 1818இல் பேஷ்வா பதவியே ஒழிந்தது.

முடிவெடுக்கும் சுதந்திரம் மூவருக்கும் இருந்தது. ஆனால் ஒவ்வொரு முடிவுக்கும் என்ன விலை என்பதை உலக அமைப்பு நிர்ணயித்தது. எதிர்த்தவருக்கு உடனடி அழிவு, சேர்ந்தவருக்குத் தவணை முறையில் அடிமைத்தனம், ஊசலாடியவருக்கு இருபதாண்டு அவகாசம். பேஷ்வாவும் நிசாமும் தக்காணத் தராசைச் சரியாகப் படித்து உலகத் தராசைத் தவறவிட்டனர். திப்பு உலகத் தராசில் ஆங்கிலேயரின் எடையைச் சரியாகப் படித்தார். தன் அண்டை வீட்டாரின் அச்சத்தைத் தணிக்கத் தவறினார். அவர் தொலைநோக்கற்றவர் என்ற வில்க்ஸின் தீர்ப்பும், குறையற்ற தொலைநோக்காளர் என்ற எதிர்வாதமும் இதனால் ஒரே அளவுக்குப் பழுதுபடுகின்றன.

6. செய்தியின் வேகம்: 1798–1799

சூழலுக்கும் முடிவுக்கும் இடையே நிற்பது கணிப்பு. கணிப்புக்கு மூலப்பொருள் செய்தி. கப்பல் வருகையை எதிர்பார்த்தே உலக அரசியலைக் கணித்த தமிழக வாழ்வுக்குப் புதுச்சேரித் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு சான்று. 1778 முதல் 1792 வரையிலான இரண்டாம் வீராநாயக்கர் நாட்குறிப்பும் அவ்வாறே. ஐரோப்பாவில் நடந்தது அவர்களுக்குப் பல மாதம் கழித்தே தெரிந்தது. மைசூருக்கும் அதே நிலைதான்.

திப்புவின் தூதர்கள் மொரீஷியசுக்குப் போனபோது அங்கே கொடுக்கப் படை இல்லை. ஆளுநர் மலார்த்திக் 1798 ஜனவரி 30 அன்று தன்னார்வலர்களைக் கேட்டு ஒரு பகிரங்க அறிவிப்பு வெளியிட்டார். ஏப்ரலில் மங்களூரில் இறங்கியவர்கள் நூறு பேர்கூட இல்லை. அறிவிப்பு ஜூனில் கல்கத்தாவில் புதிய தலைமை ஆளுநர் வெல்லெஸ்லியின் கைக்கு எட்டியது. உதவி வராமல் உதவி கேட்ட செய்தி மட்டும் எதிரிக்குப் போய்ச் சேர்ந்தது.

இந்த அறிவிப்புதான் போருக்குக் காரணமா, அல்லது சாக்கா? அதே கோடையில் நெப்போலியன் எகிப்தில் இறங்கியதால் கும்பினிக்கு உண்மையான அச்சம் இருந்தது என்பது ஒரு வாசிப்பு. கால வரிசை அதை முழுமையாக ஆதரிக்கவில்லை. ஆகஸ்ட் 1 அன்று நைல் முகத்துவாரத்தில் நெல்சன் பிரெஞ்சுக் கப்பற்படையை அழித்தார். அச்செய்தி அக்டோபர் இறுதியில் கல்கத்தாவை எட்டியது. பிரெஞ்சுப் படை கடல் கடந்து வரும் வாய்ப்பு மங்கிய பிறகே போர் தொடங்கியது. அச்சத்தைவிட, துணையற்று நிற்கும் எதிரியை முடித்துவிடக் கிடைத்த வாய்ப்பே வலுவான காரணம் என்று கொள்வது பொருத்தம். உஸ்மானிய சுல்தான் மூன்றாம் செலிமும் இப்போது பிரான்சுக்கு எதிரியாகி, பிரெஞ்சு உறவை விடும்படி திப்புவுக்குக் கடிதம் எழுதினார். அதை அனுப்பிவைத்ததே கும்பினிதான். நெப்போலியன் 1799 ஜனவரியில் கெய்ரோவிலிருந்து எழுதிய கடிதம் வழியிலேயே ஆங்கிலேயரிடம் சிக்கியது.

கும்பினித் தளபதி ஹாரிஸின் படை வேலூரிலிருந்து கிளம்பி ராயக்கோட்டை வழியாக 1799 மார்ச் 5 அன்று மைசூர் எல்லைக்குள் நுழைந்தது. 1792இல் மைசூர் இழந்த கோட்டையே 1799இல் அதன்மீது படையெடுக்கும் வாசலாயிற்று. மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. முந்தைய தோல்வியில் இழந்த எல்லை அடுத்த முடிவுக்கான இடத்தையும் சுருக்கிவிடும் என்பதற்கு ராயக்கோட்டை நேர்ச்சான்று.

7. விலை கொடுத்தவர்கள்

தூதுகளையும் உடன்படிக்கைகளையும் எழுதும் வரலாறு பெரும்பாலும் இங்கே நின்றுவிடுகிறது. நிற்கக் கூடாது. 1792இல் பாராமகாலின் நிர்வாகத்துக்குக் கும்பினி அனுப்பியது அலெக்சாண்டர் ரீட் என்ற படை அதிகாரியை. அவருக்கு உதவியாளர்களாக வந்தவர்களில் ஒருவர் தாமஸ் மன்றோ. அவர்கள் நிலத்தை வயல் வயலாக அளந்தார்கள், ஒவ்வொரு குடியானவரோடும் நேராக வரி பேசினார்கள், தொகையைப் பணமாக நிர்ணயித்தார்கள். பின்னாளில் மதராஸ் மாகாணத்தின் பெரும்பகுதியை ஆண்ட ரயத்துவாரி முறை இப்படித்தான் உருவெடுத்தது. நிசாம் 1800இல் எழுதிக்கொடுத்த மாவட்டங்களுக்கு மன்றோ போனபோது பாராமகாலில் கற்றதையே அங்கும் கொண்டுபோனார்.

வெர்சாயில் கருவூலம் காலியானதற்கும் கிருஷ்ணகிரியில் ஒரு வயலுக்கு வரி எழுதப்பட்டதற்கும் தொடர்பு உண்டு என்பது மிகை அல்ல. அயலுறவு முடிவின் விலை கடைசியில் நிலத்தில்தான் வசூலாகிறது. ஏர் பிடித்தவரிடம் எந்த உடன்படிக்கைக்கும் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

8. இன்றைய ஓசூர்

இன்றைய இந்தியா அன்றைய மைசூர் அல்ல. அணுவாயுதமும் பெரும் சந்தையும் தேர்ந்தெடுக்கப்பட்ட அரசும் உள்ள நாட்டைப் பதினெட்டாம் நூற்றாண்டுச் சமஸ்தானத்தோடு சமப்படுத்துவது தவறு. ஆனால் இரண்டு தராசுகள் என்ற சிக்கல் தொடர்கிறது. ஒன்றில் சீனாவுடனான நில எல்லை இருக்கிறது, மற்றதில் அமெரிக்க–சீனப் போட்டி இருக்கிறது.

2020 ஏப்ரலில் நிலஎல்லை அண்டை நாடுகளின் முதலீட்டுக்கு இந்தியா முன்னனுமதியைக் கட்டாயமாக்கியது. ஜூனில் கல்வான் மோதல் நடந்தது. அதே காலத்தில் சீனாவுக்கு வெளியேயும் உற்பத்தி வேண்டும் என்ற பன்னாட்டு நிறுவனங்களின் தேடல், ஐபோன் உதிரிபாகங்கள் செய்யும் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையை ஓசூர்ப் பக்கம் வளர்த்தது. ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் அங்கே வேலைக்குச் சேர்ந்தனர். 2025 ஆகஸ்டில், ரஷ்ய எண்ணெய் வாங்கும் இந்திய முடிவைக் காட்டி, அமெரிக்கா முன்பே விதித்த 25 விழுக்காட்டின் மேல் இன்னொரு 25 விழுக்காடு வரி சுமத்தியது. ஸ்மார்ட்போன்களுக்கு விலக்கு இருந்தது. திருப்பூர்ப் பின்னலாடைக்கு இல்லை. டெல்லி எடுத்த ஒரே முடிவுக்கு இரண்டு ஊர்கள் வெவ்வேறு விலை கொடுத்தன. எந்த ஊருக்கு எவ்வளவு என்பதை நிர்ணயித்தது வாஷிங்டனின் தேவை.

9. முடிவுரை

மைசூரின் இருபதாண்டுகள் மூன்று முடிவுகளை ஆதரிக்கின்றன. உலக அதிகாரப் பங்கீடு அரசுகளின் தேர்வைப் பறிப்பதில்லை, தேர்வுகளின் விலையை நிர்ணயிக்கிறது. தொலைவிலுள்ள துணைவரின் நட்பு, அருகிலுள்ளவர்களின் பகைக்கு ஈடாகாது. 1780இல் அண்டை அரசுகளோடு சேர்ந்து நின்றபோது மைசூர் வென்றதும், 1790இல் அவர்களை இழந்தபோது தோற்றதும் இதற்கு ஆதாரம். மூன்றாவதாக, துணைவரின் பலத்தை அளக்கையில் அவருடைய படையோடு கருவூலத்தையும் உள்நாட்டு அமைதியையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

இவற்றிலிருந்து ஆய்வாளர்களுக்கு ஒரு கடமையும் பிறக்கிறது. அயலுறவு முடிவு ஒன்றை மதிப்பிடும்போது அது தலைநகரின் மதிப்பை உயர்த்தியதா என்று மட்டும் கேட்பது போதாது. அதன் செலவு எந்த வட்டத்தில், எந்தத் தொழிலில், யாருடைய வரியிலும் கூலியிலும் எழுதப்பட்டது என்றும் கணக்கிட வேண்டும். பாராமகாலின் நில அளவைப் பதிவுகளைத் தூதரகக் கடிதங்களோடு சேர்த்துப் படிக்கும்போதுதான் அயலுறவு வரலாறு முழுமை பெறும். கிருஷ்ணகிரி மாவட்டம் அப்படிப்பட்ட படிப்புக்கு உகந்த களம். தன்மேல் விழும் கோடுகளை வரைவதில் அதன் மக்களுக்கும் சொல் இருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையை அந்த வரலாறு அவர்களுக்குத் தருகிறது.